பன்னிரண்டு வாரமும் அதற்குப் பிறகும்

என் பெரியம்மா மகனுக்கு 44 வயது. மந்தைவெளியில் அம்மாவோடு இருக்கிறார். மனச்சிதைவு. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் அண்ணனைத் தன் ஆய்வில் சேர்த்துக்கொண்டார். பன்னிரண்டு வாரம். பேச்சுப் பயிற்சி, வேலைப் பயிற்சி, வாரம் ஒரு போன். அண்ணன் லஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போக ஆரம்பித்தார். அறிகுறி மதிப்பெண் இறங்கியது, ஆய்வும் முடிந்தது. நாலு மாதத்தில் வேலை போயிற்று. மாத்திரைத் தூக்கத்தில் காலையில் எழ முடியவில்லை, கடைக்காரர் எத்தனை நாள்தான் பொறுப்பார்? இந்த நாலாவது மாதம் எந்தக் கட்டுரையிலும் இருக்காது.

மனநல மருத்துவ மாநாடுகளில் இளம் மருத்துவர்களுக்கு ஆய்வுப் பரிசுகள் உண்டு. மறுவாழ்வு, சமூக மனநலம் என்ற பிரிவுகளிலும் தருகிறார்கள். வயது வரம்பு பெரும்பாலும் நாற்பதுக்குள். ஒரு கட்டுரை, கொஞ்ச நேரப் பேச்சு, ஒரு சான்றிதழ். பரிசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காசும் கவர்ச்சியும் இல்லாத இந்தப் பிரிவுக்கு ஒரு இளைஞர் வருகிறார் என்றால் கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியதுதான். ஆனால் மறுவாழ்வில் சீக்கிரம் முடிந்த ஆய்வுக்குப் பரிசு என்பது அபத்தம். என் தொழிலில் இதை டெமோ என்போம். டெமோவில் எல்லாமே ஓடும். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்தால் யார் எழுந்து பார்ப்பது என்பதுதான் கேள்வி.

இதே சென்னையில் வேறு மாதிரியும் செய்திருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில், மனச்சிதைவு முதல்முறையாகத் தாக்கிய 90 பேரை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் ஆர். தாராவும் சகாக்களும் அவர்களைப் பின்தொடர்ந்துகொண்டே இருந்தார்கள். பத்து வருட முடிவு 1994-இல் வந்தது, இருபது வருட முடிவு 2004-இல். இடைவிடாமல் நோயிலேயே கிடந்தவர்கள் சிலர்தான் என்று தெரிந்ததே அப்படித்தான். பெரும்பாலோருக்கு நோய் வந்து, போய், மறுபடி வந்திருக்கிறது. பன்னிரண்டு வாரத்தில் பார்த்தால் இதில் எந்தத் துண்டு கண்ணில் படும்? வீடு மாறியவர்களைத் தேடிப்போய், இறந்தவர்களைக் கணக்கில் எழுதி, கல்யாணம் என்ன ஆச்சு, வேலை என்ன ஆச்சு என்று கேட்கிற வேலை அது. அதைத் தொடங்கியவருக்கு நாற்பது வயதுக்குள் கையில் என்ன இருந்திருக்கும், ஒரு விலாசப் பட்டியலைத் தவிர?

சாரதா மேனனை எடுத்துக்கொள்ளுங்கள். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத் தலைமை வகித்தவர். ஓய்வுபெற்ற பிறகு, 1984-இல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 61. 'இளம் மருத்துவர்' பிரிவில் விண்ணப்பமே வாங்கியிருக்க மாட்டார்கள்.

எதை அளக்கிறோம் என்பதிலும் கோளாறு இருக்கிறது. நம் அரசு மனநோய்க்கான ஊனச் சான்றிதழுக்குப் பயன்படுத்தும் ஐடியாஸ் அளவுகோல் நாலு விஷயம் கேட்கிறது: தன்னைப் பார்த்துக்கொள்வது, உறவுகள், பேச்சும் புரிதலும், வேலை. நல்ல கேள்விகள்தான். ஆனால் மயிலாப்பூரில் வீட்டு ஓனர் என்ன சொன்னார் என்று அதில் ஒரு கட்டம் கிடையாது. பெரியம்மா மூன்று வீடு மாறியாயிற்று. ஒவ்வொரு முறையும் "பையன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பாக்குறான்" என்று என் வேலையைத்தான் இரவல் வாங்கிச் சொல்கிறார். தி பேன்யன் அமைப்பின் 'ஹோம் அகெய்ன்' இந்தக் கட்டத்தைத்தான் கையில் எடுத்தது. வருடக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவர்கள், சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில் நாலைந்து பேராகச் சேர்ந்து வாழ்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தன் வழிகாட்டியில் அதை நல்ல முன்மாதிரியாகச் சேர்த்தது. அங்கே சமையலும் பக்கத்து வீட்டுச் சண்டையும்கூட ஆய்வுப் பொருள்தான்.

என் யோசனை இதுதான். பரிசுத்தொகையில் பாதியை இப்போது கொடுங்கள். மீதியை ஐந்து வருடம் கழித்து, ஆய்வில் இருந்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று சொல்ல முடிகிறவருக்குக் கொடுங்கள். செத்துவிட்டார் என்பதும் பதில்தான். தெரியாது என்றால் பணம் இல்லை. நடுவர் குழுவில் பெரியம்மா மாதிரி ஒருவரை உட்கார வையுங்கள். புள்ளியியல் தெரியாதே என்பீர்கள். நாலாவது மாதம் என்ன ஆச்சு என்று அவர் கேட்பார்.

அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. கனிவாகப் பேசுவார், அண்ணனை "சார்" என்றுதான் கூப்பிடுவார். ஆய்வு முடிந்தது, வேறு ஊருக்கு மாறிப்போனார், அவ்வளவுதான். 'ஆராய்ச்சி டாக்டர்' என்று அவர் நம்பரைப் பெரியம்மா இன்னும் போனில் வைத்திருக்கிறார். போன தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நிற்கிறது.