ஆணுறையும் அரசின் கூச்சமும்

கருத்தடையின் சுமை யார் தோளில் ஏற்றப்பட்டுள்ளது என்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) தெளிவாகக் காட்டுகிறது. 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் அறுவை செய்துகொண்ட குடும்பங்களோ 0.3 சதவீதம் மட்டுமே. ஆணுறையைப் பயன்படுத்துவோர் 9.5 சதவீதத்தினர்.

இளையோரின் தேவை நிரந்தரக் கருத்தடையன்று. கருவுறுதலைத் தள்ளிப்போடும் வழியே. மாத்திரை, காப்பர்-டி, அரசு மருத்துவமனைகளில் வழங்கப்படும் 'அந்தரா' ஊசி ஆகியவை அதனைச் செவ்வனே செய்கின்றன. ஆனால் அவற்றுள் ஒன்றும் எச்ஐவி தொற்றையோ பிற பால்வினை நோய்களையோ தடுப்பதில்லை. அத்தொற்றுகளிலிருந்து காப்பது ஆணுறையே. அதேவேளையில், நடைமுறையில் ஆணுறையை மட்டுமே நம்பும் நூறு பெண்களில் ஏறத்தாழ 13 பேர் ஓராண்டுக்குள் கருவுறுகின்றனர். எனவேதான் இரண்டையும் ஒருசேரக் கைக்கொள்ளுமாறு மருத்துவ அறிவியல் கூறுகிறது. "அவள் மாத்திரை உண்கிறாள், ஆணுறை எதற்கு?" என்ற ஆணாதிக்க வாதம் அறிவியலின் முன் நிற்காது.

இதை எடுத்துரைக்க வேண்டிய அரசு என்ன செய்கிறது? 1968இல் மூன்று 'நிரோத்' 15 பைசாவுக்குப் பெட்டிக்கடைகளிலேயே விற்கப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 2017 டிசம்பரில், ஆணுறை விளம்பரங்களைக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை ஒளிபரப்பலாகாது என ஒன்றிய அரசு தொலைக்காட்சிகளுக்கு அறிவுறுத்தியது. பண்பாட்டுக் காவலர்களின் கூச்சலுக்கு அஞ்சி 2007இல் பல மாநில அரசுகள் வளரிளம் பருவக் கல்வியை நிறுத்தின. ஆஷா ஊழியர்கள் வீடு தேடிச் சென்று கருத்தடைச் சாதனங்களை வழங்குகின்றனர். ஆயினும் திட்டத்தின் கணக்கில் 'தகுதியுள்ள தம்பதியர்' மட்டுமே உள்ளனர். மணமாகாத இளைஞரும் இளம்பெண்ணும் அக்கணக்கில் இல்லை.

இதனினும் கொடிது, நிரோத்தை உற்பத்தி செய்துவரும் பொதுத்துறை நிறுவனமான எச்எல்எல் லைஃப்கேரைத் தனியாருக்கு விற்க 2021 டிசம்பரில் விருப்ப மனுக்கள் கோரப்பட்டமை. இலாபத்தையே அளவுகோலாகக் கொண்ட முதலாளி, ஏழை இளைஞனுக்கு இலவச ஆணுறை தயாரிக்க முன்வருவானா?

அறியாமை எந்தத் தலைமுறையையும் ஒழுக்கமுடையதாக ஆக்கியதில்லை. நோய்க்கும் பாதுகாப்பற்ற கருக்கலைப்புக்குமே இரையாக்கியிருக்கிறது. அதன் விலையைப் பெரிதும் கொடுப்பவர்கள் உழைக்கும் வர்க்கப் பெண்கள். பள்ளிகளில் அறிவியல்பூர்வமான பாலியல் கல்வி, மணமாகாதோர்க்கும் இழிசொல்லற்ற சேவை, ஆஷா ஊழியர்களுக்குத் தொழிலாளர் தகுதி, எச்எல்எல் பொதுத்துறையிலேயே நீடித்தல் ஆகியவற்றுக்காக இளைஞர், மாதர் அமைப்புகள் ஒன்றுபட்டுக் குரலெழுப்ப வேண்டும்.