சிங்க்கில் நுரை பொங்கினால் அடைப்பு எடுபடாது



பதிவு கொஞ்சம் நீளம். குசினி விசயம்தானே என்று ஆண்கள் தாண்டிப் போய்விடாதீர்கள். பைப் அடைத்தால் கடைசியில் கம்பியும் கையுமாக நிற்கப் போவது நீங்கள்தான்.

அப்பச்சோடாவைக் கொட்டி அதற்கு மேல் வினாகிரி ஊற்றும் வீடியோ நம்மட வட்ஸ்அப் குறூப்புகளில் ஓயாமல் சுற்றுகிறது. நுரை பொங்கும்போது பார்க்க நல்லாத்தான் இருக்கிறது. சாதாரண தரம் படிக்கிற பிள்ளை ஒன்றைக் கேளுங்கள், அங்கே நடப்பதைச் சொல்லும். அமிலமும் மூலமும் சேர்ந்து நடுநிலையாகின்றன, காபனீரொட்சைட்டு வாயு மேலே போய்விடுகிறது, மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர். திறந்த பைப்பில் அந்த வாயுவுக்கு அடைப்பைத் தள்ளும் பலம் கிடையாது. தனித்தனியாக வேலை செய்யக்கூடிய இரண்டு சாமானையும் ஒன்றாக ஊற்றி வீணாக்குகிறோம்.

இயற்கைப் பொருட்கள் உதவாது என்று சொல்ல வரவில்லை. உதவும், ஆனால் அடைக்கிறதுக்கு முதல். அடைத்த பிறகு வீடியோவைப் பார்த்து, அதுவும் சரிவராமல், ஹார்ட்வெயார் கடைக்குப் போய் எரிசோடாவும் அசிட்டும் வாங்கி வருகிறோமே, அங்கேதான் என் கவலை.

முதலில் எது அடைக்கிறது என்று பாருங்கள். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகையில் உறையும். நம்மட ஊர் வெக்கையில் அது பெரும்பாலும் எண்ணெயாகவே ஓடிவிடும். மாட்டுக் கொழுப்பு அப்படியல்ல, 40 பாகையை ஒட்டியே இறுகத் தொடங்கிவிடும். சட்டியில் தண்ணி மாதிரி இருந்தது பைப்பில் இரண்டு அடி போனதும் மெழுகாகிவிடும். அதில் சோற்றுப் பருக்கையும் தேங்காய்ப்பூவும் போய் ஒட்டும். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கிழமையில் சிங்க் அடைப்பது தற்செயல் இல்லை. 2017இல் லண்டனில் வைட்சப்பல் பகுதியில், ரோட்டுக்குக் கீழே ஓடும் கழிவுக் குழாய்க்குள் 130 தொன் எடையில் 250 மீற்றர் நீளத்துக்கு ஒரு கொழுப்புக் கட்டியைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் குசினிகளில் ஊற்றிய கொழுப்பில் தொடங்கியதுதான்.

ஆகவே சட்டியைக் கழுவ முதல் பழைய பத்திரிகைத் தாளால் கொழுப்பை வழித்துக் குப்பையில் போடுங்கள். சிங்க் வாயில் ஒரு வலை வையுங்கள். கிழமைக்கு ஒரு தரம் சவர்க்காரம் கரைத்த சுடுதண்ணீர் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிவிசி பைப் 80 பாகைக்குக் கிட்ட இளகிவிடும், மூட்டு விட்டுவிடும்.

உம்மம்மாமார் சாம்பலும் தும்பும் கொண்டு சட்டி விளக்கினது சும்மா இல்லை. விறகுச் சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று இருக்கிறது. அது காரம், கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சவர்க்காரமாக்கும். 2022இல் காஸ் இல்லாமல் விறகடுப்புக்குத் திரும்பிய வீடுகளில் இன்னும் அந்த அடுப்பு இருக்கும். சாம்பலைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, சீலையில் வடித்து, தெளிந்த நீரை மட்டும் பைப்பில் விடுங்கள். கையில் பட்டால் கழுவிக்கொள்ளுங்கள். சாம்பலையே கொட்டினால் அதுவே அடைத்துவிடும்.

நாற்றத்துக்கு அப்பச்சோடா நல்லது, வினாகிரி இல்லாமல். இரவில் இரண்டு மேசைக்கரண்டி போட்டுவிட்டு விடிய தண்ணீர் விடுங்கள். பிழிந்த தேசிக்காய்த் தோலால் சிங்க்கின் வாயைத் தேய்க்கலாம். அதற்குப் பிறகும் நாறினால் கீழே குனிந்து பாருங்கள், பைப்பில் வளைவு இருக்கிறதா? அந்த வளைவில் தேங்கும் தண்ணீர்தான் குழியின் நாற்றத்தை மறிக்கிறது. 1775இல் அலெக்சாண்டர் கமிங் என்ற ஸ்கொட்லாந்து மணிக்கூட்டுக்காரர் மலசலகூடத்துக்கு அந்த வளைவை வைத்துக் காப்புரிமை எடுத்தார். இங்கே இன்னும் எத்தனையோ குசினிகளில் பைப் நேராகக் குழிக்குள் இறங்குகிறது. அதற்கு எந்த எலுமிச்சை வாசமும் மருந்தில்லை.

எரிசோடா நம்மட ஊருக்குப் புதிய சாமானில்லை. வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வைக்கோலைக் கூழாக்க அதைத்தான் பாவித்தார்கள். வைக்கோலையே கரைக்கும் பொருளைச் சிறுபிள்ளைகள் நடமாடும் குசினியில் பழைய சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கலாமா? கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். அதைவிட ஒன்று இருக்கிறது. கிணற்றுக்குப் போட வாங்கிய வெளிற்றும் தூளை அசிட்டோடு சேர்த்தால் குளோரீன் வாயு வரும். வினாகிரி, தேசிப்புளி சேர்த்தாலும் வரும். கதவைப் பூட்டிக்கொண்டு பாத்ரூம் கழுவுகிறவர்களுக்கு மூச்சுக்குக் கூட அவகாசம் கிடைக்காது.

ஊற்றியதெல்லாம் எங்கே போகிறது? நமக்குப் பொதுக் கழிவுநீர்க் குழாய் கிடையாது, தரையோ மணல். 10 பேர்ச் வளவு என்றால் 2,722 சதுர அடி. அதற்குள் வீடு, கிணறு, மலக்குழி, குசினிக் குழி எல்லாம். மாரியில் நிலத்தடி நீர் ஏறிவிடும். டிசம்பரில் சிங்க் மெதுவாக இறங்கினால் பைப்பை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள், குழி நிரம்பி நிற்கும். அந்த நேரம் போத்தல் போத்தலாக அசிட் ஊற்றினாலும் தண்ணீர் இறங்காது, ஊற்றியது கிணற்றுப் பக்கம்தான் நகரும். அந்தக் கிணற்றில்தான் வுழூச் செய்கிறோம், சோறாக்குகிறோம்.

இதற்குத் தீர்வாகச் சிலர் பைப்பை ரோட்டுக் கானுக்குத் திருப்பிவிடுகிறார்கள். எனக்கு இதில் கடும் கோபம். நம்மட ஆட்கள் இறாலும் நண்டும் பிடிக்கிற வாவிக்குத்தான் மழை வெள்ளம் அதையும் அள்ளிக்கொண்டு போகிறது. வீடுகளைவிடச் சாப்பாட்டுக் கடைகள்தான் கூடக் கொழுப்பை இறக்குகின்றன. கொழுப்புத் தொட்டி இல்லாத கடைக்கு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கக் கூடாது என்று பிரதேச சபை ஒரு முடிவெடுத்தால் என்ன? பெரிய தொழில்நுட்பம் இல்லை. மூடி போட்ட சின்னத் தொட்டி, நடுவில் ஒரு தடுப்பு. கொழுப்பு மேலே மிதக்கும், தண்ணீர் அடியால் வெளியேறும், மிதப்பதைக் கிழமைக்கு ஒரு தரம் அள்ளிப் புதைக்கலாம். வீட்டுக்கு மூடி உள்ள பெரிய வாளி ஒன்றே போதும்.

வீட்டில் இப்படி ஒன்று கட்டியிருப்பவர்கள் என்ன அளவில் கட்டினீர்கள், மாரியில் எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள். மேசன் வேலை செய்யும் சகோதரர்களும் சொல்லுங்கள்.