குளத்து மீனுக்கும் ஒரு காலம் உண்டு

மீன்பிடி என்றதும் தமிழ் வாசகனின் நினைவில் எழுவது கடல்தான். கட்டுமரமும் வலை உலர்த்தும் மணற்பரப்பும் நம் எழுத்தில் பெற்றிருக்கும் இடத்தை, கடலையே காணாத ஊர்களின் மீன்பிடி பெற்றதில்லை. மருதத்திணைப் பாடல்களில் வாளையும் வராலும் கெண்டையும் துள்ளிக்கொண்டுதான் இருக்கின்றன. முக்கூடற்பள்ளு புதுவெள்ளத்து மீன்களைப் பெயர் பெயராக அடுக்கிக் காட்டுகிறது. ஆயினும் அம்மீன்களைப் பிடித்தவர்கள் எப்போது பிடித்தார்கள், எப்போது பிடிக்காமல் காத்திருந்தார்கள் என்ற கேள்வியை நாம் அதிகம் எழுப்பியதில்லை. திண்டுக்கல் சமவெளியை முன்வைத்து அதை இங்கே எழுப்பிப் பார்க்கலாம்.

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள நிலம் வற்றாத ஆற்றை நம்பி வாழும் நிலமன்று. கீழ்ப்பழனி மலைச்சரிவில் பிறக்கும் குடகனாறு ஆத்தூர், வேடசந்தூர் பகுதிகளைக் கடந்து வடக்கே சென்று, கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இந்த ஆற்றுக்கும் சினம் உண்டு என்பதை, வேடசந்தூர் அருகே கட்டப்பட்ட அணை 1977இல் வெள்ளத்தில் உடைந்தபோது ஊரார் கண்டார்கள். சிறுமலையிலிருந்தும் நத்தம் பக்கத்துக் கரந்தமலையிலிருந்தும் இறங்கும் ஓடைகளும் மழைக்காலத்து ஓடைகளே. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைத் தேக்கிவைத்து எஞ்சிய மாதங்களை ஓட்டுவதற்காக வெட்டப்பட்டவையே இங்குள்ள குளங்களும் கண்மாய்களும். எனவே இங்கே மீனின் நாட்காட்டி என்பது குளத்து நீரின் நாட்காட்டியே.

அந்த நாட்காட்டியைச் சற்றே புரட்டுவோம். ஐப்பசியில் வரத்துவாய்க்கால் வழியே செந்நிறப் புதுநீர் வந்து விழும்போது, குளத்தில் எஞ்சியிருந்த கெண்டையும் கெளுத்தியும் அயிரையும் நீரோட்டத்தை எதிர்த்து ஏறத் தொடங்கும். அது அவற்றின் இனப்பெருக்கப் பயணம். நீர்ச்செடிகளுக்கிடையே விரால் முட்டையிட்டுக் காவல் காப்பதும் மழைக்காலத்தில்தான். செந்நிறக் குஞ்சுகள் நீர்மட்டத்தில் ஒரு திரளாக நகரும். அவற்றின் அடியிலேயே பெற்ற மீன் நிற்கும். அந்தத் திரளுக்கு நடுவே தூண்டிலைப் போட்டால் பெரிய விரால் சினந்து கவ்வும். அப்படிப் பிடிப்பது எளிது. ஆனால் காவல் போன பின்பு அக்குஞ்சுகள் பிற மீன்களுக்கும் கொக்குகளுக்கும் இரையாகிவிடும். ஆகவே அது பிடிக்கத் தகாத காலம்.

மார்கழி, தையில் நீர் தெளிந்து குளிர்ந்திருக்கும். மீன் மந்தமாக மேயும். தக்கை அசைவதற்குள் தூண்டில்காரனின் பொறுமை போய்விடும். மாசி, பங்குனியில் வயலுக்கு நீர் பாய்ந்து குளம் சுருங்க, வெயிலும் ஏற, மீனுக்குப் பசி கூடும். மண்புழுவும் தவளையும் கொண்டு கரையில் உட்காருபவர்களுக்கு இதுவே நல்ல பருவம். சித்திரை, வைகாசியில் நீர் முழங்காலளவுக்கு வந்துவிடும். சூடேறிய நீரில் உயிர்வளி குறைவதால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். காற்றை நேரடியாகச் சுவாசிக்கவல்ல விரால் போன்றவை ஈரச்சேற்றில் புதைந்து அடுத்த மழைவரை தாக்குப்பிடிக்கும்; மற்றவை எப்படியும் மடியும்.

மீன்பிடித் திருவிழா நடப்பது நீர் இவ்வாறு வற்றிய காலத்தில்தான். நத்தம், சாணார்பட்டி வட்டாரங்களில் கோடைதோறும் நாளிதழ்களில் இதன் படங்களைக் காணலாம். அறுவடை முடிந்து, பாசனத்துக்கு இனி நீர் தேவையில்லை என்றான பிறகு ஊர்ப் பெரியவர்கள் நாள் குறிப்பார்கள்; சுற்றுப்பட்டி ஊர்களுக்குச் செய்தி போகும். அதிகாலையில் கரையில் கூட்டம் காத்திருக்க, சாமி கும்பிட்டு முடித்து ஒருவர் வெள்ளைத் துணியை வீசியதும் அத்தனை பேரும் நீரில் இறங்குவார்கள். ஊத்தா, கச்சா, தூரி, வலை, கூடை என்று கையில் கிடைத்ததெல்லாம் கருவியாகும். அன்று பிடித்ததை விற்பது வழக்கமில்லை. வீடுதோறும் குழம்பு கொதிக்கும். விழா எடுத்தால் அடுத்த ஆண்டு மழை பொய்க்காது என்பது ஊரின் நம்பிக்கை.

இதை ஒரு வேடிக்கையாக மட்டும் பார்ப்பது போதாது என்பதே நம் கட்சி. துணி வீசப்படும் அந்த ஒரு கணத்தைப் படமெடுக்கிறோம். அதற்கு முந்தைய பல மாதங்கள் அக்குளத்தில் எவரும் வலை வீசாதிருந்ததைக் கவனிப்பதில்லை. விழாவின் உண்மையான பொருள் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. மீன் இனம் பெருகும் காலத்தில் கை வைக்காதே, பயிருக்கு நீர் தேவைப்படும் காலத்தில் குளத்தைக் கலக்காதே, மீன் எப்படியும் சாகப்போகும் காலத்தில் எல்லோருமாகப் பகிர்ந்துகொள் என்னும் மூன்று விதிகளையும் ஊர் ஒரே சடங்கில் முடிந்துவைத்திருக்கிறது.

எழுத்தில் உள்ள சட்டங்களும் இதையே வேறு மொழியில் சொல்கின்றன. தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. நீலகிரியில் 1879இலேயே, வேட்டை விலங்குகளையும் வெளியிலிருந்து கொணர்ந்து பழக்கிய மீன்களையும் காப்பதற்கென ஒரு தனிச்சட்டம் இயற்றப்பட்டது. ஆங்கிலேயர்கள் தங்கள் தாயகத்து ஓடைகளின் நினைவாக டிரவுட் மீனை அம்மலையில் வளர்க்கப் பெரும்பாடுபட்டார்கள். 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்தில் இன்றும், கோடையில் ஆற்றுநீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை டிரவுட் ஆறுகளில் தூண்டில் போடத் தடை விதிக்கிறார்கள். வெதுவெதுப்பான நீரில் போராடிக் களைத்த மீன், திரும்ப விடப்பட்டாலும் பிழைப்பது அரிது என்பதே காரணம்.

ஆங்கிலேயரில் நம் குளத்து மீனைக் கவனித்தவர்களும் இருந்தனர். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி மட்டுமே 1887இல் ஒரு நூல் எழுதினார். ஆனால் டிரவுட்டுக்குக் கிடைத்த தனிச்சட்டத்தின் காவல் விராலுக்கு வாய்க்கவில்லை. அதற்கு ஊர்க்கட்டு ஒன்றே காவலாக இருந்தது.

அந்தக் காவலைத் தளர்த்துவது மீன்பாசிக் குத்தகை. குளத்தில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவது புதிதன்று, தவறுமன்று. ஊருக்கும் அரசுக்கும் அதனால் வருவாய் உண்டு. குத்தகைதாரர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்டு வளர்ப்பதால் உள்ளூர்ச் சந்தைக்குக் கட்டுப்படியான விலையில் மீன் வருகிறது. கோளாறு காலக்கணக்கில் இருக்கிறது. இத்தகைய குத்தகைகள் பல இடங்களில் பசலிக் கணக்கில் போகின்றன. பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிவது. நிலவரிக்காக வகுத்த கணக்கு அது. மீனோ ஐப்பசியில் தொடங்கி வைகாசியில் முடியும் வேறொரு கணக்கில் வாழ்கிறது. ஜூன் 30க்குப் பிறகு தனக்கு உரிமையில்லாத குளத்தில் தாய்மீனை விட்டுவைக்கக் குத்தகைதாரருக்கு என்ன காரணம் இருக்கிறது? மழை பொய்த்த ஆண்டில் நீர் சீக்கிரம் வடிந்தால் அவருக்கு ஆதாயம். நீர் நின்றால் உழவருக்கு ஆதாயம். மடையைத் திறப்பது யார் என்ற மனத்தாங்கல் இங்கிருந்துதான் பிறக்கிறது.

இன்னொரு கேடும் உண்டு. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, சிலேபிக் கெண்டை என்று நாட்டுப்பெயரே பெறுமளவுக்கு நம் குளங்களை நிறைத்துவிட்டது. அரசு தடைசெய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் கள்ளத்தனமாக வளர்ப்போரும் இருக்கிறார்கள். அது ஒரு குளத்தில் புகுந்தால் அயிரைக்கும் கெண்டைக்கும் அங்கே இடமில்லை.

திருவிழாவை மட்டும் போற்றிவிட்டு அதன் குறையை மறைப்பது நேர்மையன்று. கொசுவலையையும் சேலையையும் விரித்து விரலளவுக் குஞ்சைக்கூட அரித்தெடுப்பது இன்று விழாக்களிலும் நடக்கிறது. ஒரே நாளில் குளத்தைத் துடைத்தெடுக்கும் வழக்கம் எப்படிக் காப்பாகும் என்று கேட்போர் உண்டு. முன்பு அது காப்பாக இருந்ததற்குக் காரணம், சேற்றில் விரால் மிஞ்சியது. மேல்குளத்திலிருந்து மறுகால் பாய்ந்தபோது வாய்க்கால் வழியே மற்ற மீன்களும் வந்து சேர்ந்தன. இன்று அவ்வாய்க்கால்கள் பல தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் கிடக்கின்றன. வாய்க்கால் அறுந்தால் ஒவ்வொரு குளமும் தனித்தீவு. அங்கே ஒருமுறை அழிந்தது தானாகத் திரும்பி வராது.

ஆகவே நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. குத்தகை ஆவணத்தில் ஐப்பசி முதல் மார்கழி வரை வலை வீசக்கூடாது என்று ஒரு வரி சேர்க்கலாம். குத்தகைக் காலத்தைப் பசலியிலிருந்து விடுவித்து, புரட்டாசியில் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கலாம். அடுத்த ஆண்டும் தனக்குரியது என்றால் எவரும் விதைநெல்லைச் சமைக்கமாட்டார்கள். தூர்வாரும்போது குளத்தின் நடுவே ஒரு மடுவை ஆழமாக விட்டு, அதை விழா நாளிலும் தொடாமல் காக்கலாம். கொசுவலையை ஊர்ப் பெரியவர்கள் கரையிலேயே தடுக்கலாம். விழா எடுக்கும் வழக்கமுள்ள ஊர்களில் ஒரு குளத்தையாவது ஏலத்திலிருந்து விலக்கிப் பொதுவில் வைக்கலாம்.

இவை எவற்றுக்கும் புதிய அறிவியல் தேவையில்லை. எப்போது பிடிக்க வேண்டும் என்பதைவிட எப்போது பிடிக்கக்கூடாது என்பதை அறிந்தவனே நல்ல தூண்டில்காரன். நத்தத்துக் கண்மாய்க்கரையில் வெள்ளைத் துணிக்காகக் காத்து நிற்கும் கூட்டம் அதை அறிந்தே நிற்கிறது. அந்த அறிவு வரி வசூல் கணக்குக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டுமா, அல்லது கணக்கு அதற்கு வழிவிட வேண்டுமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.