தடுப்பூசி போட்டா தயாராயிட்டோமா?

அமெரிக்காவில் படிக்கிற என் சித்தி பையன் மெக்சிகோவுக்குப் பத்து நாள் 'சேவை மற்றும் ஆய்வு'ப் பயணம் போறான். தயாரிப்புப் பட்டியல் அனுப்பினான்: பாஸ்போர்ட், தடுப்பூசி, கொசு மருந்து, கேமரா. ஸ்பானிஷ்? பட்டியல்லயே இல்லை!

இதென்னங்க அநியாயம்? தயாரிப்புன்னா நம்ம உடம்பைக் காப்பாத்திக்கிறது மட்டும்தானா?

இதே மெக்சிகோவில், குவர்னவாகாவில், 1968-லயே இவான் இல்லிச் என்கிற பாதிரியார் அமெரிக்கச் சேவை மாணவர்கள் மாநாட்டில் போட்டு உடைச்சார். பார்க்க வாங்க, படிக்க வாங்க, உதவி பண்ண மட்டும் வராதீங்கன்னார். ஊர்க்காரன் 'போய்யா'ன்னு திட்டினாக்கூட மொழி தெரியாத உனக்குப் புரியாதே என்பது அவர் வாதம்.

"நல்ல மனசு போதாதா?" என்பவர்களுக்கு ஆப்பிரிக்காவின் பிளேபம்ப் கதை. குழந்தைங்க ராட்டினம் சுத்தினா தண்ணீர் ஏறுமாம். 2006-ல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் அறிவிச்சாங்க. ஒரு பம்புக்கு 2,500 பேர் என்ற இலக்கை எட்ட தினமும் 27 மணி நேரம் சுத்தணும்னு 2009-ல் கார்டியன் பத்திரிகை கணக்குப் போட்டுக் காட்டியது. நாளுக்கே 24 மணிதானே சாமி! பல ஊர்களில் கடைசியில் பெண்கள்தான் அதைக் கையால் தள்ளினாங்க.

பொட்டி தட்டுற நாமளே வாடிக்கையாளர்கிட்ட கேக்காம நிரல் எழுதறதில்லை. இந்த வேலையை யார் கேட்டாங்க? நீங்க கிளம்பினதும் யார் பராமரிப்பாங்க? ஆய்வு முடிவு ஊர்க்காரங்க மொழியில் அவங்க கைக்குப் போகுமா? மூணுக்கும் பதில் இருந்தா அதுதான் தயாரிப்பு. இல்லேன்னா சுற்றுலான்னு சொல்லிட்டுப் போங்க, தப்பே இல்லை. சேவைன்னு மட்டும் சொல்லாதீங்க.