முதல்ல முழுப்பேர் போடுங்க

மூப்பையும் சாவையும் ஜெயிக்கப் போறதாகச் சொல்லி, அமெரிக்காவில் பிரையன் ஜான்சன் வருஷத்துக்கு 20 லட்சம் டாலர் தன் உடம்புக்கே செலவழிக்கிறார். நம்ம கேம்பஸ் பசங்களும் வாயைப் பிளந்து பார்க்கிறாங்க. தொழில்நுட்பத்தால் மனித உடம்பின் எல்லையைத் தாண்டணும் என்கிற டிரான்ஸ்ஹியூமனிசம் இதுதான். அறிவியலோடு எனக்குச் சண்டை இல்லை. செயற்கைக் கால் வேணும், இன்சுலின் பம்பும் வேணும். ஆனால் யார் உடம்பை யார் திருத்துறது?

1957-இல் இந்தச் சொல்லைத் தூக்கிப்பிடித்த ஜூலியன் ஹக்ஸ்லிதான் 1959 முதல் 1962 வரை பிரிட்டனின் யூஜெனிக்ஸ் சங்கத் தலைவர். யார் பிள்ளை பெறலாம், யார் பெறக்கூடாது என்று மனிதரைத் தரம் பிரித்த சங்கம் அது! 1998-இல் நிக் போஸ்ட்ரமும் டேவிட் பியர்ஸும் உலக டிரான்ஸ்ஹியூமனிஸ்ட் சங்கம் தொடங்கினார்கள். இப்போது கேட்டால், 'எல்லாம் அவரவர் விருப்பம்' என்கிறார்கள்.

விருப்பமா? 1980-இல் இலங்கை அரசு கருத்தடை ஆபரேஷனுக்குக் காசு கொடுத்தது. நம்ம தோட்டங்களில் எத்தனை பெண்கள் போனார்கள் என்று லயத்துப் பாட்டிகளைக் கேளுங்க. அரிசிக்கு வழியில்லாதவளிடம் காசை நீட்டி வாங்கிய கையெழுத்தை நான் விருப்பம்னு சொல்ல மாட்டேன்.

இங்கே ஒரு நாள் வேலைக்குப் பெயரே 'பேர்'தான். 18 கிலோ கேட்கிற தோட்டத்தில் கொழுந்து குறைஞ்சா அரைப்பேர். அதாவது செக்ரோலில் அவள் பாதி ஆள். 1948-இல் குடியுரிமையையும் பிடுங்கினார்கள். மனிதரைத் தாண்டப் போகும் தோழர்களே, எங்க அம்மாக்களுக்கு எப்போ முழுப்பேர் போடுவீங்க? மூளையில் சிப் வைக்கிற கதையை அதுக்கப்புறம் பேசலாம்.