பிடிப்பது அரசு, வாதாட ஆள் பிடிப்பது அவரவர் பாடா?

அமெரிக்காவில் ஐஸ் எனப்படும் குடியேற்ற, சுங்க அமலாக்கத் துறையினரிடம் பிடிபட்டவர் முன்னால் முதல் சில மணி நேரத்திலேயே தாள்கள் நீட்டப்படும். அவற்றில் ஒன்று, நீதிபதி முன் நிற்க வேண்டாம், நானே நாட்டைவிட்டுப் போய்விடுகிறேன் என்ற சம்மதமாக இருக்கலாம். கையெழுத்துப் போட்டால் வழக்கு அத்தோடு முடிந்தது. போட மறுக்க அவருக்கு உரிமை உண்டு. அதை எடுத்துச் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இருக்காது.

அடுத்து நடப்பது வெளியில் இருப்பவர்களுக்கு அதிகம் தெரியாது. கைரேகை எடுத்து 'ஏ' என்று தொடங்கும் ஓர் எண் கொடுப்பார்கள். குடும்பத்தார் அந்த எண்ணையும் பிறந்த நாட்டையும் இணையதளத்தில் பதிந்து, ஆள் எந்த முகாமில் இருக்கிறார் என்று தேட வேண்டும். நியூஜெர்சியில் பிடிபட்டவர் லூசியானாவிலோ டெக்சாஸிலோ இருக்கக்கூடும். ஊரில் அலைந்து பிடித்த வக்கீல் அங்கே போய்வர முடியாது. பிணைத்தொகை சட்டப்படி குறைந்தது 1,500 டாலர். நடைமுறையில் பல மடங்கு கேட்கிறார்கள். சோதனைச் சாவடி வழியாக அல்லாமல் எல்லை தாண்டி வந்தவர்களுக்குப் பிணை வழங்கும் அதிகாரமே குடியேற்ற நீதிபதிகளுக்குக் கிடையாது என்று 2025 செப்டம்பரில் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்தது. கூட்டாட்சி நீதிபதிகள் பலர் இதை ஏற்கவில்லை. ஆனால் அவர்களிடம் போக ஆட்கொணர்வு மனு போட வேண்டும். வக்கீல் இல்லாமல் சிறைக்குள்ளிருந்து அதை யார் எழுதுவது?

விசாரணை அறையைப் பாருங்கள். ஒரு பக்கம் அரசு சம்பளம் வாங்கும் வழக்கறிஞர். நடுவில் அமர்ந்திருக்கும் நீதிபதியும் நீதித்துறையைச் சேர்ந்தவர் அல்லர். அட்டர்னி ஜெனரலின் கீழ் வேலை பார்ப்பவர். தமிழ் மட்டுமே தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்பாளரை அரசே தன் செலவில் அமர்த்துகிறது. கேள்வியைப் புரிய வைக்கப் பணம் இருக்கிறது, பதில் சொல்லத் துணை நிற்கப் பணம் இல்லை. குடியேற்றச் சட்டத்தின் 292ஆவது பிரிவு வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் அரசுக்குச் செலவில்லாமல். திருட்டு வழக்கில் சிக்கிய ஏழைக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று 1963லேயே கிடியன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாடு கடத்தல் குற்ற வழக்கு அல்ல, உரிமையியல் விவகாரம் என்பதால் அந்தப் பாதுகாப்பு இங்கே எட்டவில்லை. விலங்கு மட்டும் எட்டுகிறது.

2007 முதல் 2012 வரையிலான லட்சக்கணக்கான வழக்குகளை ஆராய்ந்த இன்கிரிட் ஈக்லி, ஸ்டீவன் ஷாஃபர் ஆய்வில், காவலில் இருந்தவர்களில் 14 சதவீதம் பேருக்கே வக்கீல் இருந்தார். பிணை விசாரணையில் வக்கீலோடு போனவர்களில் 44 சதவீதம் பேர் வெளியே வந்தார்கள். தனியாகப் போனவர்களில் 11 சதவீதம். ஜெயிக்கிற வழக்கைத்தானே வக்கீல்கள் எடுப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு நியூயார்க்கில் விடை இருக்கிறது. 2013இல் அங்கே தொடங்கிய திட்டம் வழக்கின் பலத்தைப் பார்க்காமல், காவலில் உள்ள ஏழைகள் அனைவருக்கும் பொதுப்பணத்தில் வக்கீல் கொடுத்தது. வக்கீல் இல்லாதபோது 4 சதவீதமாக இருந்த வெற்றி 48 சதவீதமாக உயரும் என்று 2017இல் வேரா நிறுவனம் கணித்தது. மீதி வழக்குகள் தோற்கும், தோற்கட்டும். தங்க உரிமையுள்ளவரும் வாயடைத்துப்போய் வெளியேற்றப்படக் கூடாது என்பதே நம் வாதம்.

கலிபோர்னியா, அரிசோனா, வாஷிங்டன் மாநிலங்களில் காவலில் இருக்கும், தமக்காகத் தாமே வாதாட முடியாத மனநோயாளிகளுக்கு வக்கீல் தர வேண்டும் என்று 2013இல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தைகளுக்கு அதுகூட இல்லை. 3, 4 வயதுக் குழந்தைகளுக்கும் குடியேற்றச் சட்டத்தைக் கற்பித்துவிடலாம் என்று மூத்த குடியேற்ற நீதிபதி ஒருவர் வாக்குமூலமே கொடுத்தார். இதற்கு மேல் இந்த ஏற்பாட்டை யாரும் கேலி செய்ய முடியாது.

விசாவில் வந்தவர்கள் நாம், நமக்கென்ன என்று இங்கிருந்து போன குடும்பங்கள் நினைப்பதுண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவரையும் பழைய குற்றத்தீர்ப்பு ஒன்றைக் காட்டிப் பிடிக்க முடியும். 2017இல் எல்லையிலிருந்து சுமார் 25 கஜத்தில் பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில்தான், விரைவு வெளியேற்ற முறையில் தஞ்சம் மறுக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனு மூலம் அதை எதிர்க்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த முறையில் நீதிமன்ற விசாரணையே கிடையாது. அதிகாரியின் நேர்காணலிலேயே ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிடும்.

292ஆவது பிரிவிலிருந்து அந்தச் செலவு நிபந்தனையை அமெரிக்க நாடாளுமன்றம் நீக்க வேண்டும். காவலில் இருப்பவர்களிலிருந்து தொடங்கலாம். இன்றைய அரசியல் சூழலில் இது உடனே நடக்காது என்பது தெரிந்ததுதான். அதற்காக மாநிலங்கள் காத்திருக்கத் தேவையில்லை. நியூயார்க் செய்ததை எந்த மாநிலமும் தன் பட்ஜெட்டில் செய்யலாம். பொங்கல் விழா மேடைக்கு உள்ளூர்ச் சட்டமன்ற உறுப்பினரை அழைத்துப் பொன்னாடை போர்த்தும் அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்கள், அந்த மேடையிலேயே இந்தக் கோரிக்கையையும் அவர் கையில் கொடுக்கலாம்.