சொட்டும் ஒயிலும் கறுத்த புகையும்



காணி உறுதி, கடன் புத்தகம், பிள்ளைகளின் படிப்பு என்று இப்பகுதியில் பலதையும் கதைத்து வருகிறோம். இம்முறை நாம் கால் வைக்கத் தயங்கும் ஓர் இடத்துக்குப் போவோம். அது வாகனம் திருத்தும் கராஜ். போருக்குப் பின்னர் குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்கும் பெண்களில் சிலர் வாகனம் ஓடுவதையே தொழிலாக எடுத்திருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிறார்கள், சந்தைக்கு மரக்கறி கொண்டுபோகிறார்கள், ஹயர் ஓடுகிறார்கள். ஓட்டப் பழக்கிய எவரும் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த அறியாமைக்கு நாம் காசாகவே விலை கொடுக்கிறோம்.

கிளிநொச்சி மாவட்டத்தில் நான் சந்தித்துவரும் அக்கா ஒருவர் பழைய டொயோட்டா லைட் ஏஸ் டீசல் வான் ஒன்றை லீசிங்கில் எடுத்து, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓடுகிறார். அதிலிருப்பது 2சி எனப்படும் 1,974 சீசீ எஞ்சின். டொயோட்டாவின் பழைய டீசல் கார்கள் பலவற்றிலும் இதே எஞ்சின்தான். ஒயில் மாற்றிய சில நாட்களில் வான் நின்ற இடத்தில் ஒயில் சொட்டத் தொடங்கியது. கூடவே எஞ்சினில் ஒரு தட்டும் சத்தமும் கறுத்த புகையும் வந்தன. ஒரு கராஜில் காட்டியபோது, “ஒயில் சம்ப் மாற்ற வேணும், டீசல் பம்பும் நாலு இன்ஜெக்டரும் மாற்ற வேணும்” என்றார்களாம். கேட்ட தொகை மூன்று மாத லீசிங் காசைவிட அதிகம்.

வானை எடுக்காவிட்டால் பிள்ளைகள் வேறு வானுக்குப் போய்விடுவார்கள். லீசிங் காசு கட்டாவிட்டால் வானே போய்விடும். இந்த நெருக்கடியில் அக்கா என்னிடம் சொன்ன ஒரு விடயம் முக்கியமானது.

“மிஸ், இரவிரவா ஒயில் சொட்டுது. ஆனா கோலை இழுத்துப் பார்த்தா அளவு குறையேல்லை. அதுதான் எனக்கு விளங்கேல்லை.”

அயலில் நாற்பது வருடமாக டீசல் எஞ்சின் வேலை செய்துவரும் ஒரு ஐயாவிடம் இருவரும் போனோம். நான் சமூகவியல் படித்தவள், மெக்கானிக் அல்ல. ஆகவே அங்கு அவர் காட்டி விளங்கப்படுத்தியதையே இங்கு எழுதுகிறேன். அவர் ஒயில் கோலை இழுத்து மணந்து பார்த்தார். டீசல் மணம் வந்தது. “பிள்ளை, இது ரெண்டு வருத்தம். ஒண்டு மற்றதை மறைச்சுக்கொண்டு நிக்குது” என்றார்.

கீழே ஒயில் சொட்டினால்

எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தட்டுத்தான் சம்ப். ஒயிலை வடிப்பதற்காக அதில் ஓர் ஆணி இருக்கும். அதைச் சம்ப் நட் என்பார்கள். ஆணிக்கும் சம்புக்கும் இடையில் ஒரு மெல்லிய வாசர் நசுங்கி இருந்து ஒயிலை மறிக்கிறது. ஒருமுறை நசுங்கிய வாசர் மறுமுறை சரியாக மறிக்காமல் விடலாம். ஒயில் மாற்றும்போது புது வாசர் போட வேண்டும் என்பது இதனால்தான். அதன் விலை மிகச் சொற்பம்.

ஒயில் மாற்றியபின் சொட்டினால் காரணங்கள் சில உண்டு. வாசர் பழையதாக இருக்கலாம், அல்லது போடாமலே விட்டிருக்கலாம். ஆணி அமரும் இடத்தில் அழுக்கு இருக்கலாம். நீளக் குழாய் செருகி அளவுக்கு மீறி இறுக்கியதில் மரை தேய்ந்திருக்கலாம். ஒயில் பில்டரின் ரப்பர் வளையத்தில் கசிந்து, அது ஓடிவந்து சம்ப் நட்டில் சொட்டுவதும் உண்டு. இடத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, இரவில் வாகனத்தின் கீழ் ஒரு கடதாசி மட்டையை விரியுங்கள். எங்கிருந்து ஈரம் தொடங்குகிறது என்பது காலையில் தெரியும்.

சொட்டுகிறது என்று மேலும் மேலும் இறுக்குவது மரையைக் கெடுக்கும். மரை கெட்டிருந்தாலும் உடனே சம்ப் மாற்ற வேண்டியதில்லை. புது மரை வெட்டலாம், அல்லது சற்றுப் பெரிய ஆணி போடலாம். அக்காவின் வானில் மரை நன்றாக இருந்தது. பழைய வாசரையே மீண்டும் போட்டிருந்தார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஓடும்போது சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை உடனே அணையுங்கள். “வீடு கிட்டத்தான்” என்று ஓடினால் எஞ்சினே போய்விடும். ஜக்கில் மட்டும் தூக்கிய வாகனத்தின் கீழ் ஒருபோதும் நுழையாதீர்கள்.

சத்தமும் புகையும் வந்தால்

டீசலை மிக நுண்ணிய தூவலாக எஞ்சினுக்குள் விசிறுவதே இன்ஜெக்டரின் வேலை. தூவாமல் அது துளியாக ஒழுகினால் டீசல் சரியாக எரியாது. தட்டும் சத்தம், கறுத்த புகை, எஞ்சின் நடுக்கம் எல்லாம் வரும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஒயிலோடு சேரும். இப்போது அக்காவின் கேள்விக்கு விடை தெரிகிறதல்லவா? கீழே ஒயில் குறையக் குறைய, மேலிருந்து டீசல் வந்து அளவை நிரப்பிக்கொண்டிருந்தது. டீசல் கலந்த ஒயில் தண்ணீராகி எஞ்சினைத் தேய்த்துவிடும். டீசல் எஞ்சினில் ஒயில் கறுப்பது வழமை, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஒயிலின் அளவு கூடினாலோ டீசல் மணத்தாலோ அன்றே காட்டுங்கள்.

எல்லாப் புகைக்கும் இன்ஜெக்டர் காரணமல்ல. கறுத்த புகைக்குக் காற்றுப் பில்டர் அடைத்திருப்பதும் காரணமாகலாம். காலையில் வெள்ளைப் புகையோடு கஷ்டப்பட்டு ஸ்டார்ட் ஆனால் ஹீட்டர் பிளக்குகளைப் பார்க்க வேண்டும். டீசல் பில்டரில் தண்ணீர் நின்றாலும் எஞ்சின் திக்கும். செலவு குறைந்த இவற்றை முதலில் பார்ப்பதே முறை.

பிறகு அந்த ஐயா, எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டர் குழாயின் நட்டையும் சற்றுத் தளர்த்தினார். மூன்றில் எஞ்சினின் சத்தம் விழுந்தது. ஒன்றில் மாற்றமே இல்லை. வேலை செய்யாதது அதுதான். இதை நீங்கள் செய்து பார்க்காதீர்கள். அழுத்தத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியதுபோல் சிறு புள்ளிதான் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காயம் அது. காமன் ரெயில் எனப்படும் புதிய வகை எஞ்சின்களில் மெக்கானிக்கும் இவ்வாறு தளர்த்தக்கூடாது.

இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பரிசோதிக்கும் கருவியில் பூட்டியபோது மூன்று நன்றாகத் தூவின. ஒன்று ஒழுகியது. அதன் நொசிலையும் வாசர்களையும் மாற்றி, புது ஒயிலும் பில்டரும் போட்டதோடு வேலை முடிந்தது. டீசல் பம்பில் குறை இருக்கவில்லை. முதலில் கேட்ட தொகையில் ஒரு சிறு பங்குதான் செலவாயிற்று. வான் அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூட வாசலில் நின்றது.

மண்ணெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையை அம்மாமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை நம்பி டீசலில் மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். டீசல் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலின் வழுவழுப்பே காப்பு. மண்ணெண்ணெயில் அது குறைவு. 2022 தட்டுப்பாட்டின்போது கான்களில் சேர்த்துவைத்த டீசலால் தண்ணீரும் தூசியும் எஞ்சினுக்குள் போனதும் உண்டு. வடித்த பழைய ஒயிலையும் நிலத்தில் ஊற்ற வேண்டாம். சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரத்தை நாம் அறிவோம்.

கராஜில் கேட்க வேண்டியவை

“சம்ப் நட்டுக்குப் புது வாசர் போட்டீர்களா?”
“எந்த இன்ஜெக்டர் பழுது? பரிசோதிக்கும்போது நானும் பார்க்கலாமா?”
“நொசில் மட்டும் மாற்றினால் போதாதா?”
“உதிரிப்பாகத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தாருங்கள்.”
“கழற்றிய பழைய பாகங்களை என்னிடம் தாருங்கள்.”

இவற்றை மரியாதையாகக் கேளுங்கள். நேர்மையான மெக்கானிக் கோபிக்கமாட்டார். பலர் சந்தோஷமாகவே விளங்கப்படுத்துவார்கள்.

வாகனத்தில் ஒரு கொப்பியும் வைத்திருங்கள். கிழமைக்கு ஒருமுறை எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒயில் அளவைப் பார்த்து எழுதுங்கள். அடித்த டீசல், ஓடிய கிலோமீற்றர், புகையின் நிறம், புதிய சத்தம் எல்லாவற்றையும் குறியுங்கள். கராஜில் எவ்வளவு பெரிய பெயர்களைச் சொன்னாலும், அந்த வாகனத்தோடு தினமும் வாழ்பவர் நீங்கள்தான். அந்த அக்காவின் வானைக் காப்பாற்றியது அவருடைய கண். “குறையேல்லை, ஆனா சொட்டுது” என்று அவர் அவதானித்திராவிட்டால், அந்த ஐயாவும் கோலை மணந்து பார்த்திருக்கமாட்டார்.

அடுத்த இதழில் சந்திப்போம்.